லக்ஸுரி எஸ்யூவி உண்மையில எவ்ளோ மைலேஜ் குடுக்குது? வேலூர்ல இருந்து நாமளே அளக்கறது எப்படி

பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ5, வோல்வோ எக்ஸ்சி60 இந்த மாதிரி வண்டி வாங்கப்போறவங்களும் சரி, வாங்கி ஓட்டிக்கினு இருக்கறவங்களும் சரி, கேக்கறது ஒரே கேள்விதான், "உண்மையில எவ்ளோ குடுக்குது?" ஷோரூம்ல ஒரு நம்பர் சொல்வாங்க, மீட்டர்ல ஒரு நம்பர் வரும், பங்க் பில்ல வெச்சு கணக்கு போட்டா வேற ஒண்ணு வரும். நம்ம பாக்கெட்டுக்கு சம்பந்தப்பட்டது மூணாவதுதான். எங்க வீட்ல ஓடறது ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எக்ஸ்சி60. அதுல அளந்து அளந்து எனக்கு செட் ஆன முறைய அப்படியே கீழ எழுதறேன், எந்த வண்டிக்கும் பொருந்தும்.

மொதல்ல ஏஆர்ஏஐ நம்பர் பத்தி ஒரு வார்த்தை, அதாவது வண்டிய டெஸ்ட் பண்ற அமைப்பு குடுக்கற மைலேஜ், ஷோரூம்ல சொல்றது. அது பொய் இல்லங்க. வண்டிய ரோலர் மேல ஏத்தி, ஏசி ஆஃப் பண்ணி, இத்தன செகண்ட்ல இந்த ஸ்பீடுன்னு ஏற்கனவே எழுதி வெச்ச பேட்டர்ன்ல ஓட்டி எடுக்கறது, அதிகபட்சமே 90 கிலோமீட்டர் ஸ்பீடுதான். ரெண்டு வண்டிய பக்கத்துல பக்கத்துல வெச்சு கம்பேர் பண்ண அது நல்லா உதவும். மே மாசம் சத்துவாச்சாரில ஏசி ஃபுல்லா வெச்சு போறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஸ்டெப் 1: மீட்டர் யூனிட்ட மாத்துங்க

இந்த வண்டிங்க பலதுல 100 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னு காட்டற செட்டிங் இருக்கும். 8.0ன்னு பாத்துட்டு "எட்டுதான் குடுக்குது"ன்னு பயந்தவங்க இருக்காங்க. 100ஐ அந்த நம்பரால வகுத்தா நம்ம மைலேஜ், அதாவது லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர். செட்டிங்ஸ்ல யூனிட்னு தேடி மாத்திடுங்க, முடிஞ்சது.

ஸ்டெப் 2: காத்து

காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஆறி இருக்கும்போதுதான் பாக்கணும். டிரைவர் டோர தொறந்தா பக்கத்து தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டில பெட்ரோல் மூடி உள்பக்கம் இருக்கும். நம்ம டயர் சைஸுக்கு நேரா, எத்தன பேர் ஏறுவோம்னு பாத்து அதுக்கு உண்டான நம்பர எடுத்துக்கோங்க. நம்ம ஊரு வெயில்ல ஓட்டிட்டு வந்து பாத்தா நாலஞ்சு பிஎஸ்ஐ ஏறித்தான் இருக்கும், அத பாத்து காத்த எறக்கிட்டா மறுநாள் காலைல கம்மியா இருக்கும், மைலேஜும் போச்சு, டயரும் போச்சு. சொந்தமா ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி டேஷ்போர்டுல போட்டு வெச்சுக்கோங்க. பங்க்ல இருக்கற கேஜ நான் நம்பறதே இல்ல, ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு காட்டும்.

ஸ்டெப் 3: டேங்க் ஃபுல் பண்றது

இங்கதான் எல்லாருக்கும் கணக்கு ஒட்டாம போகுது. எனக்கும் ரொம்ப நாள் ஒரு டேங்க் 9, அடுத்த டேங்க் 13ன்னு வந்துக்கினு இருந்தது, ஓட்டறது அதே ரோடு, அதே ஆளு. வண்டில ஒண்ணும் இல்ல, வித்தியாசம் முழுக்க நாசில் கட் ஆகற எடத்துலதான்.

நாசில் முனைல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. பெட்ரோல் மேல ஏறி அந்த ஓட்டைய மூடினதும் உள்ள காத்து போறது நின்னுடும், உடனே டக்குனு கட் ஆயிடும். ஆனா ஃபுல் ஸ்பீடுல அடிச்சா நுரை பொங்கி வந்து ஓட்டைய மூடி, டேங்க் ரொம்பறதுக்கு முன்னாடியே கட் ஆகும். மெதுவா வுட்டா இன்னும் உள்ள போகும். தரை ஒரு பக்கம் சாஞ்சிருந்தாலும் மாறும். இது எல்லாம் சேந்து ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் கூட வித்தியாசம் காட்டும். 10 லிட்டர் போட்டு கணக்கு பாக்கறவருக்கு ஒரு லிட்டர் தப்புன்னா 10 சதவீதம். அதே தப்பு 45 லிட்டர்ல வந்தா ரெண்டு சதவீதம் சொச்சம்தான். அதனால முக்கால் டேங்க் காலி ஆகறவரைக்கும் மறுபடி போடாதீங்க. இந்த சைஸ் வண்டிங்களுக்கு டேங்க் 60, 70 லிட்டர் கிட்ட இருக்கும், அதனால 40 லிட்டருக்கு மேல உள்ள போற மாதிரி பாத்துக்கோங்க.

அப்புறம் ஒரே பங்க், முடிஞ்சா அதே பம்ப், வண்டி நிக்கற பக்கமும் அதே. நாசில மெதுவா போற மொத லெவல்ல மாட்டச் சொல்லுங்க. கட் ஆனதும் பையன் கண்டிப்பா கேப்பாரு, "ரவுண்டா போட்றட்டாண்ணா?"ன்னு. "வேணாம் தம்பி, மொத கட்லயே வுட்ரு"ன்னு சொல்லிடுங்க. பில்லு 4,317 ரூபா 60 பைசான்னு வரட்டும், ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. கட் ஆன பிறகு திணிச்சு திணிச்சு ஊத்தினா கணக்கு கெடறது மட்டும் இல்ல, பெட்ரோல் ஆவிய புடிச்சு வைக்கற கரி டப்பா ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள பெட்ரோல் போயிடும். லக்ஸுரி வண்டில அந்த பார்ட் மாத்தினா பில்லு எப்படி வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

காலைல போட்டா நெறைய வரும், மத்தியானம் போட்டா கம்மின்னு ஒரு பேச்சு இருக்கு. பங்க் டேங்க் மண்ணுக்கு அடில இருக்கு, மேல வெயில் அடிக்கறதால அங்க பெரிய மாற்றம் வராது. உங்களுக்கு எப்போ கூட்டம் கம்மியோ அப்போ போங்க.

ஸ்டெப் 4: எழுதறது

ஃபுல் பண்ணதும் டிரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க, ஓடோமீட்டர் நம்பரயும் சேத்து எழுதுங்க, ஏன்னா டிரிப்ப யாராவது தெரியாம அமுக்கிடுவாங்க. ஃப்யூலியோ மாதிரி ஆப் இருக்கு, அதுல ஃபுல் டேங்க்னு டிக் பண்ண மறக்காதீங்க. ஆனா நான் சொல்றது ஒரு சின்ன பாக்கெட் நோட்டுதான். தேதி, ஓடோமீட்டர், லிட்டர், மீட்டர் காட்டின மைலேஜ், எந்த ரோடு, இவ்ளோதான். வீட்ல வேற யாரு வண்டி எடுத்தாலும் அவங்களும் எழுதலாம், போன் தேட வேண்டியதில்ல.

ஸ்டெப் 5: போயிட்டு திரும்பி வந்துதான் கணக்கு

வேலூர்காரங்க முக்கியமா இத படிக்கணும். நம்ம ஊரு கடல் மட்டத்துல இருந்து 200 மீட்டர் சொச்சம் ஒசரத்துல இருக்கு. பெங்களூரு 900 மீட்டருக்கும் மேல. அதாவது பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரின்னு போறப்போ ரோடு சமமா இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா மொத்தமா பாத்தா ஒரு 700 மீட்டர் ஏறிட்டிருக்கீங்க, அதுல பெரிய பங்கு கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி, ஓசூர் பக்கம். ஆளு, சாமானோட ரெண்டு டன் எடைய அவ்ளோ ஒசரம் தூக்கணும்னா, இன்ஜின் வீணாக்கற சூட்டயும் சேத்து கணக்கு போட்டா சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் அதுக்கே போகுது. 210 கிலோமீட்டர் தூரத்துக்கு மொத்தமா செலவாகறதே 16 லிட்டர் கிட்டதான், அதுல ஒன்றரை லிட்டர்னா சின்ன விஷயமா?

இது தெரியாம பெங்களூர்ல இருந்து கெளம்பி வேலூர் வந்து "15 குடுத்துச்சு மச்சான்"னு மீட்டர ஃபோட்டோ எடுத்து அனுப்பறாங்க. போகும்போது எவ்ளோன்னு கேட்டா பதில் வராது. சென்னை ரோடுலயும் இதே கதைதான், கொஞ்சம் சின்ன அளவுல, போறது எறக்கம், வர்றது ஏத்தம். அதனால வேலூர்ல ஃபுல் பண்ணி, போயிட்டு வந்து, அதே வேலூர் பங்க்ல ஃபுல் பண்ணாத்தான் அந்த நம்பருக்கு மதிப்பு.

ஏலகிரி போறவங்களுக்கு ஒண்ணு. அந்த 14 கொண்டை ஊசி ஏறும்போது மீட்டர் 4, 5ன்னு காட்டும், பயப்படாதீங்க. எறங்கும்போது நியூட்ரல்ல போட்டு வுடாதீங்க. கியர்ல வெச்சு, ஸ்டீயரிங் பின்னாடி இருக்கற பேடில் ஷிஃப்டர்ல ஒரு கியர் கொறச்சு, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜினுக்கு பெட்ரோல் போறதே நின்னுடும், சக்கரம்தான் இன்ஜின சுத்த வெக்கும். நியூட்ரல்ல போட்டா ஐட்லிங்குக்கு பெட்ரோல் எரியும், இன்ஜின் பிரேக்கும் கெடைக்காது.

ஸ்டெப் 6: சராசரி எடுக்கறது

டவுன்ல 300 கிலோமீட்டர் ஓட்டினப்போ 9, ஹைவேல 300 ஓட்டினப்போ 15. சராசரி 12ன்னு சொல்லாதீங்க. மொத 300க்கு 33.3 லிட்டர், ரெண்டாவதுக்கு 20 லிட்டர், மொத்தம் 600 கிலோமீட்டருக்கு 53.3 லிட்டர், வகுத்தா 11.25. எப்பவும் மொத்த கிலோமீட்டர், மொத்த லிட்டர், அத வகுத்தா போதும். அஞ்சாறு டேங்க் சேந்த பிறகு வர்ற நம்பர்தான் உங்க வண்டியோட நம்பர்.

எங்க வண்டில காட்பாடி பாலம், சிஎம்சி வாசல், கிரீன் சர்க்கிள்னு சுத்தினா 7, 8. ஹைவேல 80, 90ல புடிச்சு போனா 13, 14. அதே ரோடுல 110, 120ன்னு போனா 11 பக்கம் வந்துடும். காத்து எதுக்கற விசை ஸ்பீடோட வர்க்கத்துல ஏறும், 80ல இருந்து 100க்கு போனாலே ஒன்றரை மடங்குக்கு மேல. இந்த வண்டிங்க ஒசரமும் அகலமும் ஜாஸ்தி, அதனால நல்லாவே தெரியும். டவுன்ல பிரச்சனை வேற, சிஎம்சி வாசல்ல ஏசி போட்டு யாருக்காவது வெயிட் பண்ணா மணிக்கு ஒரு லிட்டர் கிட்ட நின்ன எடத்துலயே எரியுது. 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட்னு எழுதியிருக்கே, கரண்ட்ல ஓடாதான்னு கேக்கறாங்க. ஓடாது, அது இன்ஜினுக்கு கை குடுக்கும், அவ்ளோதான்.

பின்சேர்க்கை

இத படிச்சுட்டு ரெண்டு மூணு பேர் கேட்டது, பழைய நோட்ட பாத்தா முன்ன விட இப்போ கொறஞ்சிருக்கே ஏன்னு. பெட்ரோலே மாறிடுச்சு, அத கணக்குல எடுத்துக்கோங்க. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால்ல ஒரு லிட்டருக்கு இருக்கற சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால சுத்த பெட்ரோலோட ஒப்பிட்டா 6, 7 சதவீதம் கொறயறது இயற்கை. பழைய நோட்டையும் புது நோட்டையும் ஒண்ணா கலக்காதீங்க.

இன்னொருத்தர் பெரிய அலாய் வீல் மாட்டின பிறகு மைலேஜ் சட்டுனு எறங்கிடுச்சுன்னாரு. டயரோட மொத்த சுத்தளவு மாறினா ஓடோமீட்டரே தப்பா எண்ணும். அவரு மொதல்ல கூகுள் மேப்ஸ் தூரத்தோட ஒரு நீள டிரிப்ப ஒப்பிட்டு பாக்கணும், அப்புறம்தான் மைலேஜ்.

குடியாத்தத்துல இருந்து ஒரு அண்ணா, அவருது டீசல், தெனம் நாலஞ்சு கிலோமீட்டர்தான் ஓட்டம், திடீர்னு ஒரு டேங்க் மட்டும் மோசமா வருதாம். பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) டீசல்ல புகைக்கரிய புடிச்சு வைக்கற டிபிஎஃப் ஃபில்டர் இருக்குண்ணா, அது ரொம்பினதும் கூடுதல் டீசல் வுட்டு சூடாக்கி அத எரிக்கும். சின்ன சின்ன ஓட்டமா இருந்தா அது பாதில நின்னு நின்னு மறுபடி ஆரம்பிக்கும், டீசல் அங்கதான் போகுது. வாரத்துல ஒரு தடவ பள்ளிகொண்டா பக்கம் ஹைவேல ஏத்தி நிக்காம அரை மணி நேரம் ஓட்டுங்க, அதுக்கப்புறம் போடற டேங்க்ல இருந்து கணக்க புதுசா ஆரம்பிங்க.