கனடாக் கதிரையும் எங்கட வீட்டுக் கரண்டும்

ஆரையம்பதிப் பக்கம் வயரிங் வேலை செய்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அனுப்பும் லிஃப்ட் கதிரைகளைப் பூட்டிக் கொடுக்கவும் கூப்பிடுவார்கள். பட்டனை அமத்தினால் முன்னால் சரிந்து ஆளை எழுப்பி நிறுத்துகிற கதிரை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நல்ல சாமான்தான். ஆனால் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். இருக்கப்போகிற ஆளை அளப்பதே இல்லை.

குதிக்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ரேப்பால் அளவெடுங்கள். ஆள் இருக்கும்போது இருக்கை ஏறக்குறைய அந்த உயரத்தில் நிற்க வேண்டும், பாதம் முழுதாக நிலத்தில் படிய வேண்டும். வெளிநாட்டுக் கதிரைகள் பல 19, 20 அங்குல உயரம். ஐந்தடி அம்மம்மாவுக்குக் கால் தொங்கும். தொங்கினால், கதிரை எழும்பும்போது உடம்பு சறுக்கும். களுவாஞ்சிகுடியில் ஒரு அம்மா, “தம்பி, இது என்னைத் தூக்கேல்ல, தள்ளுது” என்றா. சரியாகத்தான் சொன்னா. முதுகு முட்ட இருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும். இடைவெளி இல்லையென்றால் முதுகுக்குத் தலையணை வைத்துச் சமாளிக்கலாம், உயரத்துக்கு அந்த வித்தை சரிவராது. குள்ளமானவர்களுக்கென்றே சிறிய அளவு இருக்கிறது, அதைக் கேளுங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் லேபலில் பாருங்கள்.

இனி என் தொழில். கனடா, அமெரிக்கா கரண்ட் 120 வோல்ட், எங்கட கரண்ட் 230. கதிரையோடு, கரண்டை மாற்றிக் கொடுக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று வரும். அதில் உள்ள எழுத்தை வாசியுங்கள். 100-240 என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 மட்டும் என்றிருந்தால் நேரே செருகாதீர்கள், பெட்டி எரிந்துவிடும். பெரும்பாலான கதிரைகளில் மோட்டருக்குப் போவது 29 வோல்ட் அளவான டிசி கரண்ட்தான். அதனால் மோட்டருக்கு அதே டிசி வோல்ட்டைக் கொடுக்கும், அதே பின், குறையாத அம்பியர் உள்ள, எங்கட 230 வோல்ட்டில் செருகக்கூடிய பெட்டி ஒன்று கிடைத்தால் கதிரை தப்பும். ஒரே பிளக்கில் பேனும் டீவியும் கதிரையும் தொங்குவது எனக்குப் பிடிக்காது. கதிரைக்குத் தனிப் பிளக் போடுங்கள், வயரைச் சுவரோரமாக விடுங்கள். நடக்கிற வழியில் கிடந்தால் விழப்போவது அந்தக் கதிரைக்காரர்தான்.

கரண்ட் போனால்? கால் மேலே, தலை கீழே என்று சாய்ந்து கிடப்பவர் தானாக இறங்க ஏலாது. சில பெட்டிகளில் 9 வோல்ட் சதுர பற்றரி இரண்டு போட இடம் இருக்கும். ஒருமுறை நிமிர்த்தி எழுப்ப அது காணும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். கதிரை வந்ததும் பற்றரி போட்டு, வீட்டில் பாரமான ஆளைச் சாய்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எழும்பாவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். பற்றரி வசதியே இல்லாத கதிரையை, தனியாக இருக்கும் ஆளுக்கு நான் சொல்லமாட்டேன்.

மாரியில் தண்ணீர் ஏறும் வீடென்றால் பெட்டியை நிலத்தில் வைக்க வேண்டாம், உயரத்தில் ஒரு தட்டு அடித்து வையுங்கள். மோட்டரும் தாழத்தான் இருக்கும், 2024 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கடலோர வீடுகளில் அடிச்சட்டம் துருப்பிடிக்கும், இடைக்கிடை குனிந்து பாருங்கள். றெக்சின் துடைக்க இலேசு, ஆனால் சித்திரை வெயிலில் முதுகு ஒட்டும். அதன்மேல் ஒரு பருத்தித் துணி விரித்து நான்கு மூலையும் கட்டிவிடுங்கள். கட்டாத துணியும் வழுக்கும்.

சாதாரணக் கதிரை சாயப் பின்னால் ஒன்றரை அடியாவது வேண்டும். சின்ன ஹோலுக்கு, சுவரோடு ஒட்டிச் சாயும் வகையே சரி. இறக்கும்போது அடியில் பேரப்பிள்ளையோ பூனையோ இல்லையென்று பாருங்கள், அந்த இடுக்கு ஆளை நசுக்கும். மறதி உள்ளவருக்கு றிமோட்டில் இரண்டு பெரிய பட்டன் போதும். அவரைத் தனியே விட்டுப் போகும்போது றிமோட்டை எட்டாத இடத்தில் வையுங்கள்.

எழுப்பும்போது பாதியில் நிறுத்துங்கள். தலைசுற்று இருக்கிறதா என்று கேட்டு, நடைச்சட்டம் பிடிப்பவர் என்றால் அதை முன்னால் வைத்து, மிச்சத்துக்குத் தன் காலை ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முழுதாகத் தூக்கிவிட்டே பழக்கினால் இருக்கிற கால்பெலனும் போகும். கைப்பிடி உள்ள உயரமான மரக்கதிரையிலிருந்து தானாக எழும்பக்கூடியவருக்கு இந்தச் செலவே தேவையில்லை.