பழைய பிக்கப்புக்கு மறைவுக் கொழுக்கி: கராஜுக்குக் கொண்டுபோக முதல்

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 பிக்கப்பை இன்னும் பிள்ளை மாதிரிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குருநகரில் வள்ளம் இழுக்கவோ, தோட்டத்து வெங்காயம் ஏற்றவோ ட்ரெயிலர் ஒன்று பூட்ட ஆசை வரும். ஆனால் பின் அழகு கெடக்கூடாது. அதற்கு மறைவுக் கொழுக்கி என்ற வழி உண்டு. பம்பருக்குப் பின்னால், வண்டியின் அடிச்சட்டமான சசியின் இரு பக்கச் சட்டங்களையும் இணைத்துச் சதுரக் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். தேவைப்படும்போது, ட்ரெயிலரை மாட்டும் இரும்புப் பந்து உள்ள தண்டை (பந்துத் தண்டு) அதற்குள் செருகி, கழராமல் பூட்டு ஊசி போட்டால் போதும்.

பிழை தொடங்குவது கறளில். மேலே பெயின்ற் மினுங்குவதை நம்பிவிடுகிறோம். எங்கள் வீட்டுப் பிக்கப்பின் பின்பக்கச் சட்டத்தில் ஸ்குறூ ட்ரைவர் முனையை வைத்து அழுத்தினேன். பப்படம் மாதிரி உள்ளே போனது. தட்டத் தட்டப் பழுப்புச் செதில் கைநிறைய விழுந்தது. உப்புக்காற்று எழுபது வருடமாகத் தின்ற இரும்பு அது. எவ்வளவு கனமான கொழுக்கி போட்டாலும் அந்தச் சட்டம்தான் இழுவையைத் தாங்கவேண்டும். சுத்தியலால் முழு நீளமும் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்த இடத்தை முதலில் வெட்டி மாற்றுங்கள். பம்பர் பிடிகளில் கொழுக்கியைத் தொங்கவிடவே கூடாது.

துளை போடும்போது சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைத் தொடாதீர்கள். பாரம் அங்கேதான் அதிகம் இழுக்கும். பக்கச்சுவரின் நடுப்பகுதியில் துளையுங்கள். சட்டம் நாலு பக்கமும் மூடிய பெட்டி என்றால் உள்ளே குழாய்த் துண்டு வைத்து அதற்கூடாகப் போல்ட்டை விடுங்கள். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கச் சுவர் நசியும், சில நாளில் போல்ட் தளரும். கறள் பிடிக்காதென்று கடையில் கிடைக்கும் சாதாரண எவர்சில்வர் போல்ட் வாங்குவதும் தவறு. தலையில் 8.8 என்று பொறித்த இரும்புப் போல்ட் அதைவிட உறுதியானது. வெல்டிங் செய்தே தீரவேண்டுமென்றால் பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வையுங்கள். வெறும் தாங்கி பாதுகாப்பு என்று எண்ணவேண்டாம், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

பந்தின் அளவை யாரும் பார்ப்பதில்லை. ட்ரெயிலர் முனையில் பந்தைக் கவ்வும் 50 மில்லிமீற்றர்க் கிண்ணம், 47.6 மில்லிமீற்றர்ப் பந்திலும் சுகமாக ஏறிவிடும். முதல் பள்ளத்தில் துள்ளிக் கழரும். ட்ரெயிலரையும் வண்டியையும் இணைக்கும் காவல் சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போட்டிருந்தால்தான் ட்ரெயிலரின் தண்டு தெருவில் குத்தாது.

கனமான கொழுக்கி போட்டதால் வண்டியின் பலம் கூடாது. 1200 சிசி எஞ்சினும் பழைய ட்ரம் பிறேக்கும் அப்படியேதான் இருக்கின்றன. 500 கிலோ ட்ரெயிலர் என்றால் ஏறக்குறைய 50 கிலோ பந்தில் அமரவேண்டும். பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஏற்றினால், சோளகக் காற்றில் பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது பயத்தில் பிறேக்கை ஓங்கி மிதிக்காமல் அக்சிலேற்றரை மெதுவாக விடுங்கள்.

லைற் விஷயத்தில் ஒஸ்ரின்காரர்கள் பலமுறை ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்து ஒஸ்ரினில் பற்றறியின் பொசிற்றிவ்தான் வண்டியின் பொடியோடு (இரும்பு உடலோடு) இணைந்திருக்கும். இன்றைய எல்ஈடி லைற்றை வழக்கம்போல் கொடுத்தால் எரியாது. சாதாரண பல்ப் போட்டால் அந்தத் தலையிடி இல்லை. ஆனால் சிக்னல் பிளாஷர் கூடுதல் பல்ப்பைத் தாங்குமா என்று பார்க்கவேண்டும்.

வள்ளம் இறக்கப் பின்சில்லு கடலுக்குள் போகிறதா? சதுரக் குழாயின் அடியில் ஒரு சிறு துளை விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியால் உள்ளே பீச்சிக் கழுவி, பந்துத் தண்டைக் கழற்றி கிறீஸ் பூசி வையுங்கள்.