உடம்பு சொல்லட்டும் என்று காத்திருக்கலாமா? உயர் இரத்த அழுத்தத்தில் நாம் செய்யும் தவறுகள்

"தலை சுற்றவில்லை, பின்மண்டை வலிக்கவில்லை, எனக்கேது பிரஷர்?" என்று கேட்பவர் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இருந்துகொண்டே மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைச் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது. சிலருக்கு அதன் முதல் அறிகுறியே பக்கவாதமாகத்தான் வருகிறது. உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், அவர்களில் 46 விழுக்காட்டினர் அதை அறியாமலேயே இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. அளந்து பார்ப்பதைத் தவிர இதை அறிய வேறு வழியில்லை.

அளக்கும் முறையிலும் நாம் கவனமாக இருப்பதில்லை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவர், டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் முக்காலியில் உட்கார்ந்து, செவிலியரிடம் பேசிக்கொண்டே கையை நீட்டினால் கிடைக்கும் எண், அவருடைய உண்மையான அழுத்தத்தைக் காட்டாது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும். கை மேசைமேல் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், புகை எதுவும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்வதும் எண்ணை உயர்த்திவிடும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரும் இருப்பதாகத் தெரியும் என்பதால், வீட்டுக்குக் கருவி வாங்குபவர்கள் விலையைப் பார்க்கும் முன் பட்டையின் அளவைப் பார்ப்பது நல்லது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரியைக் குறித்துவைக்கலாம். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லையென்றால், வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே அதற்கு இணையான எல்லை.

மாத்திரை விஷயத்தில் அடிக்கடி நடப்பது, எண் சரியானதும் நிறுத்திவிடுவது. அழுத்தம் குறைந்திருப்பது பெரும்பாலும் மாத்திரையால்தான். நிறுத்தினால் மீண்டும் ஏறும், சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வேகமாகவே ஏறும். காலில் வீக்கமோ வறட்டு இருமலோ வந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறலாம். செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை: அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மாத்திரைகள் இலவசம், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. இன்னொரு தவறும் உண்டு. வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை என்றதும் பலர் பிரஷர் மாத்திரையையும் தள்ளிப்போட்டுவிட்டுப் போகிறார்கள். அன்றைய எண் உயர்ந்திருக்க, அதைப் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்ட நேரிடுகிறது. பெரும்பாலும் அன்று காலையும் தண்ணீருடன் வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம், முந்தைய நாளே கேட்டுவைத்துக்கொண்டால் போதும். மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் போன்றவை அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

உப்பைக் குறைத்துவிட்டேன் என்பவர்கள் வீட்டில் மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வளர்ந்தவர் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், மிக்சர் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதற்குள் அடங்க வேண்டும் என்னும்போது, ஒரு கிலோ பொட்டலம் மாத நடுவிலேயே தீர்ந்துபோகும் வீட்டில் என்ன குறைந்தது என்று தெரியவில்லை. இந்துப்புக்கு மாறுவதும் தீர்வாகாது, அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பு சிலருக்கு உதவலாம். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கடைசியாக, பதற்றத்தில் செய்யும் தவறு. கருவி 180/120 என்று காட்டியதும் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குவதும், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி நாக்கின் அடியில் வைப்பதும் அழுத்தத்தைத் தடாலென இறக்கி மூளைக்குச் செல்லும் இரத்தத்தையே குறைத்துவிடலாம். சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் அதே நிலை என்றால், வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், இரண்டாம் முறை அளந்துகொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.