உப்புக்காத்துல துருப்பிடிச்ச பழைய சைக்கிளை மழைக்காலத்துக்கு ரெடி பண்றது எப்படி

ஐப்பசி மழை புடிக்கிறதுக்கு முன்னாடி இதை எழுதிரணும்னு நெனச்சேன். ராமநாதபுரம் கடக்கரையில மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கம் பாதி வீட்ல பின்னால செவுத்துல ஒரு பழைய 28 இஞ்ச் சைக்கிள் சாஞ்சு கெடக்கும். நான் எடுத்தது எங்க சித்தப்பா வண்டி, மீன் கூடை கட்டி ஓட்டுனது, ஐஸ் தண்ணி ஒழுகி ஒழுகி கேரியரும் பின் ரிம்மும் செவந்து போயிருந்துச்சு. ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிச்சு இப்ப அதுலதான் வேலைக்குப் போறேன். காசை பிரேக்குக்கும் டயருக்கும் போடுங்க, பெயிண்ட்டுக்கு ஒத்தப் பைசா வேணாம்.

முதல்ல வண்டி தேறுமான்னு பாருங்க. முன் ஃபோர்க் ஹேண்டில் பாரோட சேர்ற எடம், பெடல் அச்சு போற எடம், இந்த ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால நல்லா குத்திப் பாருங்க. மேல் துருன்னா தூளா கொட்டும், அது பரவால்ல. பத்தை பத்தையா பேந்து வந்தாலோ முனை உள்ள எறங்குனாலோ அதுல காசு போடாதீங்க, ஓடும்போது ஃபோர்க் ஒடிஞ்சா பல்லு மிஞ்சாது.

அடுத்தது வீல் அச்சு. இதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, ஆனா கடக்கரை வண்டியோட உயிரே இங்கதான் இருக்கு. முன் வீலைக் கழட்டி, ஒரு பக்க கோனை (அச்சுல முறுக்கியிருக்க கூம்பு நட்டு) தெறந்து, கீழ ஒரு வெள்ளைத் துணி விரிச்சுக்கங்க, ஏன்னா உள்ள இருக்க பேரிங் குண்டு உருண்டு மணல்ல போச்சுன்னா தேடி எடுக்க முடியாது. முன் வீல்ல பொதுவா பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 இஞ்ச், பின் வீல்ல பக்கத்துக்கு 9 குண்டு, 1/4 இஞ்ச். நான் தெறந்தப்ப கிரீஸ்னு ஒண்ணு இல்ல, செங்கல் பொடி மாதிரி காஞ்ச துருதான் இருந்துச்சு, குண்டுல சின்னச் சின்னக் குழி. குழி விழுந்த குண்டைத் திரும்பப் போடாதீங்க, புதுசு ரொம்ப சீப். போட்டுக்கு டீசல் ஊத்துறவங்ககிட்ட அரை லிட்டர் கேட்டு வாங்கி, பழைய டூத் பிரஷ் வச்சு குண்டு ஒக்கார்ற கிண்ணத்தை பளிச்சுன்னு தொடச்சு, கிரீஸை கஞ்சத்தனம் பாக்காம அப்பி குண்டைப் பதிங்க. கோனை இறுகுற வரைக்கும் முறுக்கி, அப்புறம் ஆட்டம் வராத அளவுக்கு லேசா திருப்பி விடுங்க. வீலைத் தூக்கிப் புடிச்சா வால்வ் இருக்க பக்கம் தானா கீழ வந்து ஊசலாடி நிக்கணும், அப்பதான் சரி.

பெடல் தண்டை (கிராங்க்) அச்சோட இறுக்கிப் புடிக்கிற காட்டர் பின் உப்புல இறுகிக் கெடக்கும், நேரா சுத்தியல்ல அடிச்சா மரை நசுங்கிரும். முந்தின நாள் ராத்திரியே டீசல் விட்டு ஊற வைங்க. நட்டை முழுசா கழட்டாம அந்த காட்டர் பின்னோட முனைக்கு சமமா நிறுத்தி, கிராங்குக்கு அடியில ஒரு கட்டை முட்டுக் கொடுத்து, மேல ஒரு மரத்துண்டு வச்சு ஒரே அடியா போடுங்க. எனக்கு மூணாவது அடியில வந்துச்சு. வரவே இல்லன்னா கடையில குடுத்துருங்க, இதுல வீம்பு வேணாம்.

ரிம் துருவுக்கு உப்புத்தாள் போட்டா மேல் பூச்சு கீறிப் போயிரும், பிரியாணி பார்சல் அலுமினியத் தாளைக் கசக்கி தண்ணியில நனைச்சு தேய்ங்க, நம்பவே முடியாத அளவுக்கு போகும். பிரேக் கட்டை நாலும் புதுசு மாட்டுங்க. இரும்பு ரிம் நனைஞ்சா பிரேக் பாதி கூட புடிக்காது, அதனால மழையில கொஞ்சம் முன்னாடியே லேசா புடிச்சு ரிம் தண்ணியை வழிச்சு விட்டு அப்புறம் அழுத்துங்க.

டயர்னா நம்ம ஊர்ல கருவேல முள்ளுதான் பிரச்சனை. பஞ்சர் ஒட்டுறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் துணியை வச்சு முழு சுத்து தடவுங்க, முனை ஒடிஞ்சு உள்ளயே நிக்கிற முள்ளு துணியில மாட்டும். அதை எடுக்காம ஒட்டுனா மறுநாளே திரும்ப காத்து எறங்கும். பழைய ட்யூபை நீளவாக்குல வெட்டி டயருக்கும் ட்யூபுக்கும் நடுவுல லைனிங்கா போட்டேன், ஓட்ட கொஞ்சம் கனம், ஆனா பஞ்சர் நல்லா கொறைஞ்சிருக்கு. வால்டியூபும் (வால்வுக்குள்ள மாட்டுற சின்ன ரப்பர் குழாய்) ரெண்டு வாங்கி பையில வைங்க.

செயினை அளந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க, 24 கண்ணி சரியா 12 இஞ்ச் இருக்கணும், அதுக்கு மேல 1/8 இஞ்ச் நீண்டிருந்தா மாத்திருங்க. எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு வெளிய இருக்கதைத் துடைச்சிரணும், கிரீஸ் அப்புனா மணல் ஒட்டி செயின் ஓடுற சக்கரத்தோட பல்லைத் தின்னுரும்.

மார்கழியில விடியக் காலம் இருட்டுல ராமேஸ்வரம் ரோட்ல டூரிஸ்ட் வேன் வர்ற வேகம் தெரியும்ல, பின் மட்கார்டுல செவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், முன்னால ஒரு லைட், இது ரெண்டும் இல்லாம எறங்காதீங்க. பாம்பன் பாலத்துல வாடைக்காத்து பக்கவாட்டுல தள்ளுச்சுன்னா எறங்கி உருட்டிட்டுப் போங்க, நானும் அப்படித்தான் போறேன். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு செம்பு நல்ல தண்ணி ஊத்தி ரிம்மையும் போக்ஸ் கம்பியையும் கழுவி, துணியால துடைச்சு, செயினுக்கு மட்டும் வாரம் ஒரு தடவ எண்ணெய். போர் தண்ணி உப்பா இருக்க வீடுன்னா அதுல கழுவாதீங்க, மழைத்தண்ணி ஒரு குடம் புடிச்சு வைங்க.