கதிர்வீச்சு பாதியில் நின்றுபோனால் சிவப்பு பெர்ஸ்பெக்ஸ் சரியாகக் காட்டுமா? சோதித்துப் பார்க்கும் முறை

ஊசி, கையுறை போன்றவற்றைக் காமா கதிரில் கிருமிநீக்கம் செய்யும்போது, போதுமான டோஸ் (உள்வாங்கிய கதிரின் அளவு) கிடைத்ததா என்பதைப் பெட்டியோடு போகும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான் சொல்கிறது. ஹார்வெல் ரெட் 4034 என்ற சிவப்பு பெர்ஸ்பெக்ஸ் அப்படி ஒன்று. சாயம் சேர்த்த அக்ரிலிக், சுமார் 3 மி.மீ. தடிமன். 5 முதல் 50 கிலோகிரே (டோஸின் அலகு) வரை அளக்கும். கதிர் பட்டால் சிவப்பு கருத்துப்போகும்.

கதிர் நின்றதும் இந்த நிறமாற்றம் நின்றுவிடாது. உள்ளே வேதிவினை மெதுவாகத் தொடரும். பெட்டிகளை நகர்த்தும் கன்வேயர் சிக்கினால், காமா கதிரைத் தரும் கோபால்ட்-60 தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிடும்; பாதி டோஸ் வாங்கிய துண்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்கும். நிறமாற்றத்தை டோஸாக மாற்றும் நம் அளவுத்திருத்தக் கோடோ, இடைவெளி இல்லாமல் கதிர் கொடுத்து வரைந்தது. அங்கேதான் பிழை நுழைகிறது.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் ஒரே பேட்சிலிருந்து பத்துத் துண்டுகளை எடுத்து, ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். உறையைப் பிரிக்க வேண்டாம். ஈரப்பதம் மாறினால் அளவீடும் மாறும்.

அடுத்து, முதல் குழுவுக்கு 25 கிலோகிரேயை ஒரே மூச்சில் கொடுங்கள். இரண்டாவதுக்குப் பாதி கொடுத்து, 24 மணி நேரம் வைத்திருந்து, மீதியைக் கொடுங்கள். வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

புதிதாகச் செய்பவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கோபால்ட்-60 தொட்டியிலிருந்து ஏறி இறங்கும் அந்தச் சில நொடிகளிலும் துண்டுக்கு டோஸ் சேரும். இரண்டாவது குழுவுக்கு அது இரண்டு தடவை. இதைக் கழிக்காவிட்டால், கூடுதலாக வந்த டோஸையே இடைவெளியின் விளைவு என்று எழுதிவிடுவோம். இரண்டு குழுவோடும் அலனைன் டோசிமீட்டர் (அலனைன் என்ற அமினோ அமிலத்தால் டோஸை அளப்பது) ஒன்றை வையுங்கள். அதன் சமிக்ஞை நிலையானது, உண்மையான டோஸ் தெரிந்துவிடும்.

அப்புறம் அளவீடு. கடைசிக் கதிர் முடிந்து இரண்டு குழுவுக்கும் ஒரே நேரம் கழித்து, ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 640 நானோமீட்டர் அலைநீளத்தில் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் தடிமனையும் மைக்ரோமீட்டர் கருவியால் அளந்து, ஒளி உறிஞ்சலை அதால் வகுங்கள். உறிஞ்சல் 0.60, தடிமன் 3.00 மி.மீ. என்றால் விடை 0.200. தடிமன் 3.10 என்றால் 0.194தான். இடைவெளியின் விளைவு இதே அளவுக்குச் சின்னதாக இருக்கலாம் என்பதால், தடிமனைத் தோராயமாகப் போடாதீர்கள்.

அலனைன் காட்டிய டோஸ் வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும் சராசரிகள் விலகி நின்றால், அந்த விலகலை நிச்சயமின்மைக் கணக்கில் சேருங்கள். 2 மணி, 8 மணி இடைவெளிகளுக்கும் இதையே செய்து ஒரு அட்டவணை போட்டு வையுங்கள். மறுபடி கன்வேயர் நிற்கும்போது, நின்ற நேரத்தையும் அறை வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தால் போதும்.