ஃபிபுலாவிலிருந்து கீழ்த்தாடை: கணினித் திட்டத்தை எலும்புவரை கொண்டுபோவது எப்படி

கட்டியோடு கீழ்த்தாடையின் ஒரு பகுதியை அகற்றியபின், அந்த இடைவெளியைக் காலின் ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து நிரப்பும் முறையை 1989-இல் ஹிடால்கோ விவரித்தார். நேரான எலும்பு தாடையாக வளைய வேண்டுமானால் அதைச் சரியான கோணங்களில் துண்டாக்கிச் சேர்க்க வேண்டும். அந்தக் கோணங்கள் நெடுங்காலம் அறுவை மேசையில் கண்ணளவிலேயே முடிவாயின. 2009-இல் ஹிர்ஷ் குழுவினர் இந்த வெட்டுகளைக் கணினியில் முன்கூட்டியே திட்டமிட்டு, கட்டிங் கைட் (எலும்பின்மேல் பொருத்தி ரம்பத்துக்கு வழிகாட்டும் அச்சு) வழியாக எலும்பில் செய்து காட்டினார்கள். புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் ஈறு, கன்னப் புற்றுநோய் மிகுந்த நம் பகுதியில் இந்த அறுவை அபூர்வமானதல்ல. மருத்துவமனையிலேயே இலவச மென்பொருளையும் ஒரு ரெசின் முப்பரிமாணப் பிரிண்டரையும் வைத்துத் திட்டமிட முடியும்.

மென்பொருளில் வெட்டுவது கடினமில்லை. பிழை பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில்தான் நுழைகிறது: சிடி ஸ்கேன் எடுக்கும்போது, கைட் எலும்பில் உட்காரும்போது. இங்கே கூடுதல் கவனம் அந்த இரண்டுக்கும்தான்.

சிடி

முகத்துக்கு ஸ்லைஸ் தடிமன் 1 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 0.6 மி.மீ. அளவில் கிடைத்தால் நல்லது. கேன்ட்ரி (ஸ்கேனரின் வளையம்) சாய்வு 0 ஆக இருக்க வேண்டும். இரண்டு காண்டைலும் (தாடை மூட்டின் தலைகள்) முழுமையாகப் படத்துக்குள் வர வேண்டும். எலும்புக்கான கெர்னல் (படத்தை உருவாக்கும் வடிகட்டி), மென்திசுவுக்கான கெர்னல் இரண்டிலும் கேளுங்கள். எலும்பு கெர்னல் விளிம்பைக் கூர்மையாகக் காட்டினாலும் இரைச்சலைக் கூட்டும் என்பதால், செக்மென்ட் செய்ய, அதாவது படத்திலிருந்து எலும்பை மட்டும் பிரித்தெடுக்க, மென்திசு கெர்னலே பல நேரம் கை கொடுக்கிறது.

ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் வட்டில் பெரும்பாலும் 3 அல்லது 5 மி.மீ. தொடர் மட்டுமே இருக்கும். திரையில் அது அழகாகத் தெரியும், ஆனால் அதிலிருந்து கைட் செய்தால் உட்காராது. மெல்லிய ஸ்லைஸ் தொடர் கருவியின் கணினியில் சில நாட்களே இருக்கும், பிறகு அழிக்கப்பட்டுவிடும். எனவே படம் எடுப்பதற்கு முன்பே, டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு) வடிவில் மெல்லிய தொடர் வேண்டும் என்று கோரிக்கைச் சீட்டில் எழுதிவிடுங்கள்.

பற்கள் கடித்த நிலையில் இருந்தால் காண்டைல் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் மேல் கீழ்ப் பற்கள் படத்தில் ஒட்டிக்கொள்ளும். கடியைத் திறந்தால் பற்கள் பிரியும், காண்டைல் நகர்ந்துவிடும். கடித்த நிலையில் சிடி எடுத்து, பற்களை மட்டும் தனியே வாய் ஸ்கேனரில் எடுத்துப் பொருத்துவதே சிறந்தது. உலோக அடைப்புகளின் கீற்றுகள் பல்லின் முடியைச் சிதைத்திருந்தாலும் இதுதான் வழி. வாய் ஸ்கேனர் இல்லாவிட்டால் பிளாஸ்டர் மாதிரியை ஸ்கேன் செய்யலாம். பொருத்தும்போது கீற்று படாத பற்களை மட்டும் ஆதாரமாகக் கொள்ளுங்கள்.

கால்களுக்கு சிடி ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்), இரண்டு பக்கமும், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, அதே மெல்லிய ஸ்லைஸில். முன் டிபியல், பின் டிபியல், பெரோனியல் ஆகிய மூன்று தமனிகளும் பாதம் நோக்கிப் போகின்றனவா என்று பாருங்கள். பாதத்துக்கான ரத்தம் முக்கியமாகப் பெரோனியல் வழியே போகிற காலிலிருந்து ஃபிபுலாவை எடுத்தால் பாதத்தையே இழக்க நேரலாம். இந்தச் சோதனையைத் தாண்டாமல் திட்டத்தைத் தொடங்கவே கூடாது.

தேதியையும் பாருங்கள். புற்றுநோயில் மூன்று நான்கு வாரம் கடந்த சிடியை நம்பிக் கைட் அச்சிடாதீர்கள். அறுவைக்கான தேதி தள்ளிப்போனால் புதிதாகப் படம் எடுத்து, வெட்டுக் கோட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

செக்மென்ட் செய்தல்

3டி ஸ்லைசர் இலவசமானது. அதில் போன் ரீகன்ஸ்ட்ரக்ஷன் பிளானர் என்ற நீட்சி, ஃபிபுலாத் துண்டுகளைத் தாடையில் அடுக்கிக் கைட் உருவாக்குவதற்கென்றே இருக்கிறது. ஸ்லைசர் ஆராய்ச்சி மென்பொருள், சான்றளிக்கப்பட்ட மருத்துவக் கருவி அல்ல. சரிபார்க்கும் பொறுப்பு முழுக்கத் திட்டமிடுபவருடையது.

த்ரெஷோல்டை (எலும்பு என்று எடுக்கும் அடர்த்தியின் கீழ் எல்லை) 200 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியின் அடர்த்தி அலகு) அருகில் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் ஏற்ப மாற்றுங்கள். குறைத்தால் எலும்பு பருத்துவிடும், கைட் தளர்ந்து ஆடும். கூட்டினால் எலும்பு மெலிந்துவிடும், கைட் முழுதாக இறங்காமல் மேலே நிற்கும். சரியா என்று முப்பரிமாண உருவத்தில் தெரியாது. இருபரிமாண ஸ்லைஸ் மேல் கோட்டை வைத்து, எலும்பின் வெளி விளிம்போடு ஒட்டுகிறதா என்று பல இடங்களில் பாருங்கள். ஸ்மூத்திங் அளவு மீறினால் எலும்பு சுருங்கும். கைட் தொடும் பரப்பில் அதைச் செய்யாமல் விடுவது நல்லது. முதலில் ஒரு தாடை மாதிரியை அச்சிட்டு, இரண்டு மூன்று தூரங்களை வெர்னியரில் அளந்து கணினி அளவோடு ஒப்பிடுங்கள். அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரிண்டரைச் சரிசெய்யாமல் கைட்டுக்குப் போகாதீர்கள்.

வெட்டும் துண்டுகளும்

தாடையில் எங்கே வெட்டுவது என்பதை அறுவை செய்பவர்தான் சொல்ல வேண்டும், கணினி முன் இருப்பவர் அல்ல. புற்றுநோயில் கட்டியின் விளிம்பிலிருந்து எலும்பில் குறைந்தது 1 செ.மீ. என்பது வழக்கமான தொடக்கம். பற்கள் உள்ள இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே வெட்டினால் மிஞ்சும் பல் எலும்பாதரவை இழந்து ஆடும். ஒரு பல்லைப் பிடுங்கி, அதன் குழி வழியாக வெட்டுங்கள். கட்டி வெளிப்புறம் புடைத்திருந்தால் எதிர்ப்பக்கத் தாடையைக் கண்ணாடிபோல் திருப்பி, அதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிபுலாவில் கணுக்கால் மூட்டின் உறுதிக்காகக் கீழே 6 முதல் 7 செ.மீ. விட வேண்டும். மேலே, பெரோனியல் நரம்பு சுற்றிவரும் பகுதியைக் காக்க 6 செ.மீ. அளவு விடுங்கள். நடுவே கிடைப்பதில் துண்டுகளைக் கூடியவரை கீழ் முனையிலிருந்து எடுங்கள். மேல்பகுதி எலும்பைப் பெடிக்கிளிலிருந்து (எலும்போடு வரும் ரத்தக் குழாய்த் தண்டு) பிரித்து எடுத்துவிட்டால் குழாய் நீளமாகும், கழுத்துக் குழாயோடு தையலிடுவது எளிதாகும்.

ஒரு துண்டு 2 செ.மீ.க்குக் குறையக்கூடாது. அதற்குக் கீழே போனால் பெரியாஸ்டியம் (எலும்பை மூடிய சவ்வு) வழியாக வரும் ரத்தம் போதாமல் துண்டு செத்துப்போகலாம். ஒன்றோ இரண்டோ துண்டில் முடிகிற தாடைக்கு மூன்றாவது வெட்டு வேண்டாம். திரையில் வளைவு இன்னும் அழகாகும் என்பதற்காக வெட்டைக் கூட்டும் ஆசை வரும். நோயாளிக்கு அதனால் பயனில்லை.

உயரத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பல் உள்ள தாடையின் உயரம் சுமார் 3 செ.மீ., ஃபிபுலாவோ ஒன்றரை செ.மீ.க்கும் குறைவு. கீழ் விளிம்போடு ஒட்டி வைத்தால் முகவடிவம் நன்றாக வரும், ஆனால் இம்ப்ளான்ட் பல் வைக்க எலும்பு மிகத் தாழ்வாகிவிடும். பல் வைக்கும் திட்டம் இருந்தால் ஃபிபுலாவை மேலே ஏற்றுங்கள், அல்லது நடுத்தாடையில் இரண்டடுக்காக வையுங்கள். இதை முதல் நாளே பல் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

எந்தக் கால் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். துண்டுகளைப் பிணைக்கும் உலோகப் பிளேட் ஃபிபுலாவின் வெளிப்பக்கத்தில் உட்காரும், எலும்போடு எடுக்கும் தோலைத் தாங்கும் செப்டம் (தசைகளுக்கிடையிலான தடுப்புச் சவ்வு) பின் விளிம்பில் இருக்கும், பெடிக்கிள் மேல் முனையிலிருந்து வெளியேறும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை வரும். வலது தாடையில் குறை, அதே பக்கக் கழுத்துக் குழாய்கள், பெடிக்கிள் தாடைக் கோணம் நோக்கி என்றால், வாய்க்குள் தோல் வேண்டுமானால் இடது கால். வெளித்தோல் வேண்டுமானால் வலது கால். ஒரு நிபந்தனை மாறினாலும் விடை மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் கணினியில் எலும்பைத் திருப்பி, செப்டம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

கைட்

கைட் ஒரே ஒரு நிலையில் மட்டும் உட்கார வேண்டும். இரண்டு நிலைகளில் பொருந்துகிற கைட் எவ்வளவு துல்லியமாக அச்சிடப்பட்டிருந்தாலும் பயனற்றது.

தாடைக் கைட் கீழ் விளிம்பைக் கொக்கிபோல் பிடிக்கட்டும். பல் இருந்தால் பல் முடியையும் தொடட்டும். கட்டி எலும்பைத் தாண்டி வந்த இடத்தில் கைட்டை வைக்காதீர்கள், ஆரோக்கியமான எலும்பில் மட்டும் வையுங்கள். அறுவை செய்பவர் எவ்வளவு எலும்பைத் திறப்பார் என்று கேட்டு, அதற்குள் அடங்கும் அளவில் செய்யுங்கள். கைட் உட்காராததற்கு மிகச் சாதாரணமான காரணம், அடியில் மாட்டிக்கொண்ட தசை நார்தான்.

ஃபிபுலாக் கைட் இன்னும் தொல்லையானது. அந்த எலும்பு நெடுக ஒரே மாதிரி இருப்பதால் கைட் மேலும் கீழும் வழுக்கும், சுழலும். சுழலாமலிருக்க எலும்பின் முன் விளிம்பைப் பிடிக்கும்படி வடிவமையுங்கள். வழுக்காமலிருக்க வெளிக் கணுக்கால் நுனியிலிருந்து முதல் ஸ்லாட் (ரம்பம் நுழையும் பிளவு) வரையுள்ள தூரத்தைத் திட்டத்தாளில் எழுதி, மேசையில் ஸ்கேலால் அளந்து வையுங்கள். பின் விளிம்பை மூடாதீர்கள், அங்கேதான் தோலுக்கான பெர்ஃபொரேட்டர்கள் (சிறு ரத்தக் குழாய்கள்) வருகின்றன. எலும்பின்மேல் பெரியாஸ்டியமும் கொஞ்சம் தசையும் ஒட்டியிருக்கும். அதற்காகக் கைட்டின் உட்பரப்பில் 0.5 மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள். தாடைக் கைட்டுக்கு 0.1 அல்லது 0.2 போதும்.

சுவர் 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும். பயன்படுத்தப்போகும் ரம்பத்தின் பிளேடை முன்னதாகவே கேட்டு வாங்கி அளந்து, அதன் தடிமனோடு 0.1 முதல் 0.2 மி.மீ. சேர்த்து ஸ்லாட் வையுங்கள். ஸ்லாட்டின் ஆழம் 8 மி.மீ.க்குக் குறைந்தால் பிளேடு சாய்ந்துவிடும், வெட்டுக் கோணம் மாறும். ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தது இரண்டு ஸ்க்ரூ துளைகள் கொடுங்கள். அவற்றையே பின்னால் பிளேட்டின் துளைகளாகப் பயன்படும்படி அமைத்தால், பிளேட்டே துண்டுகளைத் திட்டமிட்ட நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மேல், கீழ், வலது, இடது, துண்டு எண், நோயாளியின் அடையாள எண் எல்லாவற்றையும் கைட்டின் மேலேயே புடைப்பெழுத்தில் அச்சிடுங்கள்.

அறுவையின்போது வெட்டுக் கோடு விரிய வேண்டி வந்தால் என்ன செய்வது? தாடைக் கைட்டில் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. தள்ளி இன்னொரு ஸ்லாட், அதற்குப் பொருந்தும் இரண்டாவது ஃபிபுலாக் கைட் என்று ஒரு மாற்றுத் தொகுப்பைத் தயாராக வையுங்கள். இது அச்சிட ஆகும் சில மணி நேரம் நிச்சயம் வீணல்ல.

அறுவைக் கைட்டுக்கென்று விற்கும், உடலுக்கு ஒவ்வும் ரெசினிலேயே அச்சிடுங்கள். கழுவி, உற்பத்தியாளர் சொன்ன நேரம் முழுவதும் ஒளியில் இறுக்கிய பிறகே ஆட்டோகிளேவ். பிஎல்ஏ (சாதாரணப் பிரிண்டர் பிளாஸ்டிக்) 60 டிகிரி அருகிலேயே இளகிவிடும் என்பதால் ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது. ஸ்டெரிலைஸ் செய்த பிறகு வடிவம் மாறியதா என்று அறிய, கூடுதலாக அச்சிட்ட ஒரு கைட்டை ஆட்டோகிளேவ் செய்து மாதிரி எலும்பில் வைத்துப் பாருங்கள். பிளேட்டை அச்சிட்ட மாதிரியில் முன்கூட்டியே வளைத்துவிடலாம். ஒரே இடத்தை முன்னும் பின்னும் வளைத்தால் அங்கே பின்னாளில் முறியும்.

அறுவை மேசையில்

தாடையை வெட்டுமுன் கைட்டைப் பொருத்தி, பிளேட்டுக்கான துளைகளை முதலில் போடுங்கள். வெட்டிய பிறகு தாடையின் இரு முனைகளும் நகர்ந்துவிடும், அப்போது துளைபோட ஆதாரம் இருக்காது. பல் உள்ளவருக்குப் பிளேட் பொருத்தும்போது மேல் கீழ்ப் பற்களைக் கம்பியால் கட்டிக் கடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலில், பெடிக்கிள் இணைந்திருக்கும்போதே கைட் வைத்து வெட்டுங்கள். ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், துண்டுகளை அங்கேயே பிளேட்டில் சேர்த்துவிடலாம், ரத்தமில்லா நேரம் குறையும். வெட்டும் இடத்தில் பெரியாஸ்டியத்தை மட்டும் சற்று விலக்கி, எலும்புக்கும் பெடிக்கிளுக்கும் நடுவே மெல்லிய ரிட்ராக்டரை நுழைத்துக்கொள்ளுங்கள். சலைன் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள். பிளேடை ஸ்லாட்டின் சுவர்மேல் அழுத்தினால் ரெசின் தேய்ந்து, அடுத்த வெட்டு பிசகும்.

துண்டுகளுக்கிடையே இடைவெளி 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு கூடும். இடைவெளி தெரிந்தால் உடனே இன்னொரு முறை வெட்டாதீர்கள். முதலில் துண்டு சுழன்றிருக்கிறதா என்று ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஃப்ரோசன் செக்ஷனில் (அறுவையின்போதே திசுவை உறையவைத்துச் செய்யும் சோதனை) மென்திசு விளிம்பு சரியில்லை என்று வந்து, மாற்று ஸ்லாட்டும் போதாவிட்டால் கைட்டை ஒதுக்கிவிட்டுக் கையால் செய்யுங்கள். கைட் இருக்கிறது என்பதற்காகக் கட்டியின் விளிம்பைச் சுருக்குவது மன்னிக்க முடியாத தவறு. இந்த வேலையைத் தொடங்கும் எந்தக் குழுவிலும் பழைய முறையில் ஃபிபுலாவை வளைக்கத் தெரிந்த ஒருவர் மேசையில் இருக்க வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய சிடியைத் திட்டத்தின்மேல் பொருத்தி, காண்டைல்களுக்கிடையே உள்ள தூரம், தாடைக் கோணம், ஒவ்வொரு இணைப்பின் இடைவெளி மூன்றையும் பதிவு செய்யுங்கள். ஓரிரண்டு மி.மீ. விலகல் எதிர்பார்க்கக்கூடியது. எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் தாடைக் கைட் சரியாக உட்காரவில்லை. ஒரு துண்டு மட்டும் சுழன்றிருந்தால் கோளாறு ஃபிபுலாக் கைட்டில். நீளமே ஒரே விகிதத்தில் மாறியிருந்தால் பிரிண்டரையும் செக்மென்ட்டையும் பாருங்கள்.