கேம் புரோகிராமிங் பழக ஒரு வழிகாட்டியைப் பிடிப்பது எப்படி?

யூடியூப் பார்த்துக் கேம் செய்யப் பழகும் பலர் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். காணொளியில் உள்ளபடி செய்தால் ஓடுகிறது. சொந்தமாக ஒன்றைச் சேர்த்தால் ஓடுவதில்லை. அப்போது பக்கத்தில் இருந்து பார்க்க ஒருவர் வேண்டும். கொழும்பில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கொண்டுபோகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

படி 1: ஒரு சின்ன கேமைச் செய்யுங்கள்

"எனக்குக் கேம் செய்யப் படிப்பிப்பீர்களா?" என்று கேட்டால் எவரும் தயங்குவார்கள். எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியாதே. அதனால் முதலில் பொங் செய்யுங்கள்: இரண்டு மட்டை, ஒரு பந்து, ஸ்கோர். 1972இல் அட்டாரி என்ற கேம் கம்பனியில் புதிதாகச் சேர்ந்த அலன் அல்கோர்னுக்குப் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட வேலைதான் அது. கேம் செய்ய உதவும் கோடோ என்ஜின் என்ற மென்பொருள் இலவசம், டவுன்லோட் செய்ய அதிக டேட்டாவும் போகாது.

படி 2: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

இதில் அவசரப்படவே வேண்டாம். பந்து சிலநேரம் மட்டையில் படாமல் ஊடுருவிப் போகிறது என்று வைப்போம். "பந்து வேலை செய்யவில்லை" என்று எழுதாமல், எப்போது நடக்கிறது என்று பாருங்கள். வேகத்தைக் கூட்டினால் மட்டும் நடக்கிறதா? அப்படியானால் கணக்குப் போடுங்கள். வேகம் செக்கனுக்கு 1200 பிக்ஸல். கேம் செக்கனுக்கு 60 தடவை பந்தின் இடத்தை மாற்றுகிறது. ஒரு தடவைக்குப் பந்து 20 பிக்ஸல் தாவுகிறது. மட்டையின் தடிப்பு 10, பந்து 8 என்றால் இரண்டும் சேர்ந்தே 18தான். ஒரு கணம் பந்து மட்டைக்கு இந்தப் பக்கம், அடுத்த கணம் அந்தப் பக்கம். மோதலைச் சோதிக்கும் கோட் இரண்டையும் தொட்ட நிலையில் பார்ப்பதே இல்லை. இந்த அளவுக்கு எழுதிக் கொண்டுபோனால், அனுபவம் உள்ளவர் உடனே விஷயத்துக்கு வந்துவிடுவார். பாதி விடையை நீங்களே கண்டுபிடித்தும் இருப்பீர்கள்.

படி 3: ஆளைத் தேடுங்கள்

உங்கள் பாடசாலைக் கணினிக் கழகத்தில் இருந்து கம்பஸ் போன அண்ணாமார், அக்காமாரிடம் முதலில் கேளுங்கள். ரீட் அவென்யூவில் உள்ள கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலோ மொரட்டுவையிலோ படிக்கும் ஒருவரை அவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். குளோபல் கேம் ஜாம் என்பது பலர் கூடிக் குறுகிய நேரத்தில் கேம் செய்யும் நிகழ்வு. வழக்கமாக ஜனவரிக் கடைசியில் வரும் அது கிட்டிய இடத்தில் நடந்தால் போங்கள். 48 மணித்தியாலம் சேர்ந்து வேலை செய்தவர்களிடம் பிறகு கேட்கக் கூச்சம் வராது.

வழிகாட்டி சிங்களம் பேசுபவராக இருந்தாலும் பின்வாங்க வேண்டாம். கோடும் பிழைச் செய்தியும் இருவருக்கும் ஆங்கிலத்தில்தான். திரையைக் காட்டிப் பேசினால் மிச்சம் தானாக வரும்.

காசு வாங்கும் வகுப்பென்றால், ஆசிரியர் தானே செய்து முடித்த கேம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் சேராதீர்கள்.

படி 4: மெசேஜ்

இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா. நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், உயர்தரம் படிக்கிறேன். கோடோவில் பொங் செய்தேன். வேகம் கூடினால் பந்து மட்டையை ஊடுருவுகிறது. மட்டையைத் தடிப்பாக்கிப் பார்த்தேன், பார்க்க நல்லாயில்லை. வேறு வழி உண்டா? வீடியோ அனுப்பியிருக்கிறேன். அரை மணித்தியாலம் பேச முடியுமா?"

படி 5: சந்திப்பு

வீட்டில் சொல்லிவிட்டு, ஆட்கள் நடமாடும் இடமாகப் பார்த்துப் போங்கள். கீபோர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் அடியுங்கள். அவர் அடித்துத் தந்தால் கேம் சரியாகும், உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. அன்றிரவே திருத்தி முடித்து, சரிவந்ததா இல்லையா என்று அவருக்கு அனுப்புங்கள். அவருடைய நேரம் வீண்போகவில்லை என்று தெரிந்தால், அடுத்த கேள்விக்கும் மனம் வைத்துப் பதில் தருவார்.

பதிலே வரவில்லையா? ஒரு கிழமை பொறுத்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அப்புறம் அதே மெசேஜை இன்னொருவருக்கு அனுப்பலாம்.